பெர்நார்து கணவாயும் நம் சீசரும்

2023ஆம் ஆண்டு கோடையில், சுவிட்சர்லாந்து நாட்டின் வாலே மாநிலத்திலுள்ள சிற்றூர்ப் பங்கு ஒன்றில் ஆறு வாரம் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அங்குள்ள பங்குத்தந்தையர் விடுப்பில் செல்லும்போது திருப்பலிக்கும் நோயாளர் சந்திப்புக்கும் ஆள் வேண்டியிருக்கிறது. அவ்விடத்தை நிரப்ப நம் நாட்டுக் குருக்கள் பலர் ஆண்டுதோறும் சென்று வருவதை வாசகர்கள் அறிவர். ஆயர் இசைவு தந்தார். பக்கத்துப் பங்குத்தந்தை ஞாயிறு தோறும் வந்து திருப்பலி நிறைவேற்ற ஒப்புக்கொண்டார். பங்கு மக்களுக்கு வழி பிறந்துவிட்டது. சீசருக்குத்தான் வழி பிறக்கவில்லை.

சீசர் நம் பங்கு இல்லத்து நாய். இராஜபாளையம் இனம். பால்வெள்ளை மேனி, இளஞ்சிவப்பு மூக்கு, பின்னங்கால்களை ஊன்றி எழுந்தால் முன்னங்கால் இரண்டும் நம் தோள்மேல் இருக்கும். பங்குக் குடும்பம் ஒன்று குட்டியாகக் கொணர்ந்து தந்தது. இவ்வினம் ஒருவரையே அண்டி வாழும். அயலாரை எளிதில் ஏற்காது. 2005ஆம் ஆண்டு நம் அஞ்சல்துறை இந்திய நாயினங்கள் நான்கிற்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது, அவற்றுள் ஒன்றாக இடம்பெற்ற பெருமையும் இதற்கு உண்டு. ஆயினும் அஞ்சல்தலையில் இடம்பெற்ற நாயை ஓர் இரவு தம் வீட்டில் வைத்துக்கொள்ள யார் முன்வருகிறார்? சிறு நாயெனில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் போட்டியிட்டுத் தூக்கிச் செல்வர். சீசரைக் கண்டால் பெரியவர்களே தெருவின் மறுபுறம் ஒதுங்குவர்.

உடன் கொண்டுசெல்வதும் எளிதன்று. நம் புகைவண்டிகளில், முதல் வகுப்பின் தனியறை முழுவதையும் நம் பெயரில் பதிவு செய்திருக்க வேண்டும். இன்றேல் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் ஏற்றிவிட வேண்டும். அக்கூண்டை ஒருமுறை கண்டவர், வளர்ந்த நாயை அதில் அடைத்துவிட்டுத் தாம் மெத்தை இருக்கையில் அமர்ந்து செல்ல மனம் கொள்ளார்.

இதற்கு முந்திய ஆண்டு நேர்ந்ததையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பங்கு மக்களோடு வேளாங்கண்ணிக்கு மூன்று இரவுப் பயணமாகச் சென்றோம். சீசரை நகரில் நாய்களைத் தங்கவைக்கும் விடுதி ஒன்றில் விட்டோம். இடம் தூய்மையாகவே இருந்தது. தடுப்பூசிச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். நாம் கேட்கத் தவறிய கேள்வி ஒன்றே ஒன்று: இரவில் இங்கே யார் தங்குவார்? மாலையானதும் பணியாளர் வெளிக்கதவைப் பூட்டிச் சென்றுவிடுவார், மறுநாள் காலையில்தான் திரும்புவார் என்பதைப் பின்னரே அறிந்தோம். நான்காம் நாள் நாம் சென்றபோது சீசருக்குக் குரல் இல்லை. குரைக்க வாய் திறந்தது. காற்று மட்டுமே வந்தது. கதவைப் பிறாண்டிப் பிறாண்டி முன்னங்கால் நகங்களில் குருதி கசிந்து உலர்ந்திருந்தது. விடுதிக்காரர்மேல் குறை கூற நமக்கு நாவெழவில்லை. கேளாதது நம் பிழை. வேளாங்கண்ணியில் கடற்காற்று வீச நாம் நன்றாக உறங்கிய அதே மூன்று இரவுகள் அவை.

எனவே இம்முறை ஆறு வாரம் என்றதும் நெஞ்சம் கலங்கியது. உடன் குரு ஒருவர், “யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெட்டியைத் தூக்கும் நமக்கு நாய் எதற்கு?” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் யாருக்குக் கொடுப்பது என்பதைத்தான் அவர் சொல்லவில்லை.

இறுதியில் வழி சொன்னவர் நம் கோயில்பிள்ளை. “சாமி, அது எங்கேயும் போக வேண்டாம். இங்கேயே கிடக்கட்டும். ராத்திரிக்கு நான் வந்து திண்ணையில படுத்துக்கிடுறேன்” என்றார். நாயை இடம் மாற்றாமல், ஆள் இடம் மாறுவது! நமக்கு இது தோன்றவேயில்லை.

புறப்படுவதற்கு இருபது நாட்களுக்கு முன்பே ஒத்திகை தொடங்கினோம். முதலில் கோயில்பிள்ளையின் மனைவி சோறு வைத்தார். நாம் அறைக்குள் இருந்துகொண்டோம். அடுத்து மாலை நடைக்குக் கோயில்பிள்ளை அழைத்துச் சென்றார். பின்னர் வேண்டுமென்றே ஓரிரவு ஆயர் இல்லத்தில் தங்கினோம். அன்று சீசர் உண்ணவில்லை. அடுத்த முறை நள்ளிரவுக்குமேல் பாதித் தட்டைக் காலி செய்ததாம். மூன்றாம் முறை அவருடைய பாயின் விளிம்பில் தலைவைத்து உறங்கிற்று.

கால்நடை மருத்துவர் சொன்ன ஒன்றை, பெரிய நாய் வளர்க்கும் குடும்பத்தார் கருத்தில் கொள்வது நலம். நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு, வயிறு காற்றால் உப்பித் தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஆதலால் உணவை ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டாகப் பிரித்து இடவேண்டும். உண்டவுடன் ஓடவிடக் கூடாது. வயிறு பறைபோல் உப்பி, வாந்தியெடுக்க முயன்றும் ஒன்றும் வெளிவராமல் நாய் தவித்தால், விடியட்டும் என்று காத்திராமல் அந்நேரமே மருத்துவரிடம் கொண்டோட வேண்டும். இரவில் ஆள் இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. மருத்துவரின் தொலைபேசி எண்ணைத் திண்ணைச் சுவரிலேயே கரியால் எழுதிவைத்தோம். நம் பழைய துவாலை ஒன்றைத் துவைக்காமல் அதன் படுக்கையில் போட்டோம். புறப்பட்ட அதிகாலையில் அதனிடம் விடைபெறவில்லை. பெற்றிருந்தால் விமானத்தைத் தவறவிட்டிருப்போம்.

சுவிட்சர்லாந்தில் நம் கண்ணில் முதலில் பட்டது மலைகள் அல்ல. புகைவண்டி இருக்கைகளின் அடியில் படுத்திருந்த நாய்கள். தோளுயரம் முப்பது சென்டிமீட்டருக்கு மேற்பட்ட நாய்க்கு இரண்டாம் வகுப்பில் அரைக் கட்டணச் சீட்டு வாங்கிவிட்டால், உடையவரோடு அதே பெட்டியில் பயணம் செய்யலாம். சீசர் இந்நாட்டில் பிறந்திருந்தால் வேளாங்கண்ணிக்கு வந்திருக்குமே என்று எண்ணிக்கொண்டோம்.

ஆகஸ்டு நடுவில் இரண்டு நாள் ஓய்வு கிடைத்தது. பெரிய பெர்நார்து கணவாய்க்குச் செல்ல முடிவு செய்தோம். மார்த்தினி நகரிலிருந்து சிறு புகைவண்டியில் ஓர்சியேர் வரை சென்று, அங்கிருந்து பேருந்தில் மலையேற வேண்டும். 1964ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சுரங்கப்பாதை வழியாகவே பெரும்பாலான ஊர்திகள் இத்தாலிக்குச் சென்றுவிடுகின்றன. கணவாய் செல்வோர் பழைய சாலையில் வளைந்து வளைந்து ஏறுகிறார்கள். மரங்கள் முதலில் குள்ளமாகி, பின் இல்லாமற் போகின்றன. ஏறத்தாழ 2,470 மீட்டர் உயரத்தில், பாறைகளுக்கிடையே கரிய ஏரி ஒன்றும் அதன் கரையில் கோட்டை போன்ற கல் மாளிகையும் தென்பட்டன. ஏரியின் மறுகரை தாண்டினால் இத்தாலி. ஆகஸ்டு வெயிலிலும் நமக்குப் பல் கிட்டியது.

அக்கல் மாளிகைதான் புகழ்பெற்ற வழிப்போக்கர் சத்திரம். 11ஆம் நூற்றாண்டில் ஆவோஸ்தா மறைமாவட்டத் தலைமைத் திருத்தொண்டராக இருந்த மேந்தோன் பெர்நார்து இதை நிறுவினார். இவர் கிளேர்வோ மடத்து பெர்நார்து அல்லர். நம்மில் பலர் குழம்புவது இயல்பே. 1923ஆம் ஆண்டு, தாமே மலையேறுபவரான திருத்தந்தை 11ஆம் பத்திநாதர், இவரை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். அகுஸ்தீன் சபைத் துறவியர் இங்கு ஆண்டு முழுவதும் தங்கி, வருவோருக்கு உணவும் படுக்கையும் தருகின்றனர். குளிர்காலத்தில் சாலை மாதக்கணக்கில் மூடப்பட்டிருக்கும்; அப்போது பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டியே ஏறி வரவேண்டும்.

இத்துறவியர் வளர்த்த நாய்களே உலகமெங்கும் இன்று செயின்ட் பெர்னார்ட் என்று அழைக்கப்படுபவை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டப்பட்ட ஓவியங்களிலேயே இவற்றைக் காண்கிறோம். பனிப்புயலில் வழிதவறியவரை மோப்பம் பிடித்துக் கண்டறிவதில் துறவியருக்கும் வழிகாட்டிகளுக்கும் துணைநின்றன. கழுத்தில் சாராயப் பீப்பாய் கட்டிய படம் நம் வீடுகளிலும் தொங்கக்கூடும். அது 1820ஆம் ஆண்டளவில் லேண்ட்சீர் என்னும் ஆங்கில ஓவியர் வரைந்த படத்தால் பரவிய கற்பனையே. இவற்றுள் பெரும்புகழ் பெற்றது 1800ஆம் ஆண்டு பிறந்த ‘பாரி’. நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்தது என்பர். காப்பாற்றப்பட்ட வீரன் ஒருவனே அதை ஓநாயென்று கருதிக் குத்திக் கொன்றதாகக் கதையும் உண்டு. அது உண்மையன்று. 1812ஆம் ஆண்டு, முதுமையால் தளர்ந்த பாரியை மடத்துத் தலைவர் பெர்ன் நகருக்கு அனுப்பிவைத்தார். அங்கே இரண்டாண்டு வாழ்ந்து 1814இல் இறந்தது. அதன் உடல் பெர்ன் அருங்காட்சியகத்தில் இன்றும் காக்கப்படுகிறது.

இச்செய்தியை அறிந்து அங்கேயே சற்று நின்றுவிட்டோம். நாற்பது பேரைக் காத்த நாயும் தன் இறுதி இரவுகளை வேறொரு கூரையின்கீழ்த்தான் கழித்திருக்கிறது.

இன்று இந்நாய்கள் துறவியருடையவை அல்ல என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். துறவியர் எண்ணிக்கை குறைந்துவிட்டது. அறுபது, எழுபது கிலோ எடையுள்ள நாய்களுக்கு உணவிடவும் நடத்திச் செல்லவும் கொட்டில் கழுவவுமே பொழுது போய்விடுகிறது, வந்த மனிதரோடு பேச நேரமில்லை என்றாயிற்று. இதற்கென்று பாரி அறக்கட்டளை நிறுவப்பட்டு, 2005ஆம் ஆண்டு நாய்கள் அதனிடம் ஒப்படைக்கப்பட்டன. முந்நூறு ஆண்டுத் தொடர்பை அறுப்பதா என்று நாட்டில் வருத்தமும் எழுந்தது. ஆனால் அறவே அறுந்துவிடவில்லை. குளிர்காலத்தில் அவை கீழே மார்த்தினியில் வளர்கின்றன. கோடையில் ஒரு பகுதி மேலே கணவாய்க்குக் கொண்டுவரப்படுகின்றன. நாம் சென்றபோது மாளிகையை அடுத்த கொட்டிலில் அவை படுத்திருந்தன. கன்றுக்குட்டியளவு நாய் ஒன்று, தன்னைப் பராமரிக்கும் இளம்பெண்ணின் காலணிமேல் தலையை வைத்துக் கண்மூடிக் கிடந்தது. அப்பெண் நகராமல் நின்றார்.

அன்றிரவு அங்கேயே தங்கினோம். மாலை ஆறு மணிக்கு, நம் ஊரில் இரவு ஒன்பதரை ஆகியிருக்கும், கோயில்பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்தோம். சீசரின் காதருகே பேசியை வைக்கச் சொல்லி, வழக்கமாக அழைப்பதுபோல் இருமுறை பெயர்சொல்லி அழைத்தோம். நமக்கு அது இனிமையாகத்தான் இருந்தது. மறுநாள் அவரே அழைத்தார். குரலைக் கேட்டதும் சீசர் எழுந்து வாயிலுக்கு ஓடியதாம். விடியும்வரை அங்கிருந்து அசையவில்லையாம். அவரும் உறங்காமல் பாயை வாயிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டாராம். “சாமி, கோவிச்சுக்காதீங்க. இனிமே போனைக் காட்ட வேண்டாம்” என்றார்.

செப்டம்பர் தொடக்கத்தில் ஊர் திரும்பினோம். சீசர் துள்ளி வந்து தோள்மேல் கால்போட்டு முகத்தை நக்கியது. கோயில்பிள்ளை மணியடிக்கும் நேரமானதும் இறங்கி, அவர் பின்னே கோயிலுக்கு நடந்தது. மணியடித்து முடியும்வரை அவர் காலடியில் படுத்திருந்தது. நாம் அழைத்தோம், தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது. நெஞ்சில் சிறு முள் தைத்தது என்பதை ஏன் மறைக்கவேண்டும்?

2024ஆம் ஆண்டு மே திங்களில் நமக்கு மாற்றல் வந்தது. புதிய பங்கு இல்லம் நகரின் நடுவே, முற்றமில்லாத மாடிக் கட்டடம். சீசரின் தடுப்பூசிப் புத்தகத்தையும் அலுமினியத் தட்டையும் துவாலையையும் கோயில்பிள்ளையின் வீட்டில் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம். வாரம் ஒருமுறை தொலைபேசியில் நலம் கேட்கிறோம். அதன் காதருகே வைக்கச் சொல்வதில்லை.