யோப்பாவில் தோல்காரர் வீடு

எருசலேம் யாத்திரை போகிறவர்களுக்கு எதைப் பார்ப்பது என்ற குழப்பமே கிடையாது. பெத்லகேம், நாசரேத்து, கலிலேயாக் கடல், யோர்தான் நதி, ஒலிவ மலை என்று பட்டியலை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். 2011-ல் தமிழக அரசு இந்த யாத்திரைக்கு 20,000 ரூபாய் உதவித் தொகை அறிவித்தது. பிற்பாடு அது 37,000 ஆயிற்று. நாங்கள் 2018-ல் சொந்தச் செலவில் போனோம். அப்பா, அம்மா, அக்கா, நான். பட்டியலைப் பார்த்த அப்பா கேட்டது ஒரே கேள்விதான்.

"யோப்பா இல்லையே?"

யோனா தீர்க்கதரிசி கப்பலேறிய துறைமுகம் என்றால் சிலருக்கு ஞாபகம் வரும். அப்பாவுக்கு யோனாவைப் பற்றி அக்கறையில்லை. பேதுரு அந்த ஊரில் பல நாள் ஒரு வீட்டில் தங்கினார் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிறது. வீட்டுக்காரர் பெயர் சீமோன். தொழில், தோல் பதனிடுவது.

அப்பா மேல்விஷாரத்தில் ஒரு டேனரியில் நாற்பது வருஷம் உழைத்தவர். சுண்ணாம்புக் குழியில் இறங்கி ஆரம்பித்தவர், மேஸ்திரியாகி ஓய்ந்தார். ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் நடுவே, பாலாற்றங்கரையில், முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் ஊர் அது. முதலாளிகள் அவர்கள், குழியில் இறங்கியவர்களில் எங்கள் ஜனமும் உண்டு. அப்பா வேலைக்குச் சேர்ந்த 1955-ல் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் சரக்கு. உப்பிட்டு வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, மயிரைக் களைந்து, சதையைச் சீவி, பட்டைத் தண்ணீரில் வாரக் கணக்கில் கிடத்துவார்கள். குரோம் உப்பு வந்த பிறகு வேலை வெகு சீக்கிரம் முடிந்தது. பாலாற்றின் கதையும் அப்படியே; 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டுத்தான் சுத்திகரிப்பைக் கட்டாயமாக்க வேண்டியிருந்தது.

வாடை மட்டும் இரண்டு காலத்திலும் உண்டு. எத்தனை சீயக்காய் போட்டுக் குளித்தாலும் நகக்கண்ணில் மிச்சமிருக்கும். கோயிலில் அப்பா கடைசி வரிசையில், ஜன்னலோரமாக உட்காருவார். யாரும் அவரை அங்கே உட்காரச் சொன்னதில்லை. முன்னால் வரச் சொன்னதுமில்லை.

அக்காவைப் பெண் பார்க்க வேறொரு சபையிலிருந்து வந்தார்கள். காப்பி குடித்தார்கள், பாடச் சொல்லிக் கேட்டார்கள், சந்தோஷமாகப் போனார்கள். பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. பெண் தங்கமான பெண், ஆனால் தோல் தொழில் வீடு என்பதால் பெரியவர்கள் யோசிக்கிறார்கள் என்று. வேதக்காரர் வேதக்காரருக்கு எழுதிய கடிதம்! அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று இரவு குடும்ப ஜெபத்தில் நடபடிகள் பத்தாம் அதிகாரத்தை வாசித்தார்.

பழைய யூத ஊர்களில் தோல்காரர் பாடு இதைவிட மேலில்லை. யூதர்களின் மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில், தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து ஐம்பது முழம் தள்ளி, கிழக்குப் பக்கமாக இருக்க வேண்டும் என்று விதி. புருஷன் தோல்காரன் என்றால் மனைவி விவாகரத்துக் கேட்கலாம் என்றும் அதிலே இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவன் வீட்டில்தான் பேதுரு பாய் விரித்துப் படுத்தார். அந்த வீட்டு மாடியில்தான், பசித்திருந்த வேளையில், வானத்திலிருந்து ஒரு துப்பட்டி இறங்கி வருகிறது. அதற்குள் தீண்டக்கூடாத பிராணிகள். கொன்று சாப்பிடு என்று சத்தம் கேட்கிறது. அதன் பிறகே அவர் செசரியாவுக்குப் போய், அந்நியனான ரோம நூற்றுக்கதிபதி கொர்நேலியுவின் வீட்டுப் படியேறுகிறார்.

பிரசங்கிகள் துப்பட்டியிலிருந்து ஆரம்பிப்பார்கள். அப்பாவின் வியாக்கியானம் வேறு. "துப்பட்டி அப்புறம் வந்ததுடா. அந்த வீட்டிலே முதல் நாள் ராத்திரி மூக்கைப் பொத்தாமல் சாப்பிட்டாரே, பாதிப் பாடம் அங்கேயே முடிஞ்சுபோச்சு."

வழிகாட்டியிடம் கெஞ்சி, கடைசி நாள் விமானத்துக்கு முன்னால் இரண்டு மணி நேரம் வாங்கினோம். யோப்பாவுக்கு இப்போது யாஃபா என்று பெயர். டெல் அவீவ் நகரத்தோடு ஒட்டிக்கொண்டது. சந்துக்குச் சீமோன் பெயரையே தொழிலோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். பாரம்பரியமாகச் சீமோன் வீடு என்று காட்டும் இடம், எரியாத ஒரு கலங்கரை விளக்கத்தின் அருகே, தனியார் வீடாக இருக்கிறது. பக்கத்திலேயே சின்ன மசூதி. கதவு பூட்டியிருந்தது. உள்ளே யாரையும் விடுவதில்லையாம். இரண்டாயிரம் வருஷத்துக் கட்டடம் என்று நம்புவதற்கும் ஒன்றும் இல்லை.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அம்மா கைக்குட்டையை விரித்துப் படியில் உட்கார்ந்தாள். அக்கா சந்தின் பெயர்ப் பலகையை எழுத்தெழுத்தாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். "தோல்காரன்னு எழுதித் தெருவிலேயே மாட்டியிருக்காங்களே" என்றாள். அப்பாவோ கதவைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கடல் பக்கம் திரும்பி, மூக்கை உயர்த்தி, காற்றைச் சோதித்தார்.

"மேல்காற்று. வாடை நேரா ஊருக்குள்ளே போகும். இங்கே குழி வெட்ட விட்டிருக்க மாட்டாங்க" என்றார். சற்று நேரம் கழித்து, "வீடு இங்கே, குழி வேறெங்கோ" என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஊருக்கு வந்த மறுநாள், அப்பாவின் வயதொத்த பழைய தோல் வியாபாரி ஒருவர் விசாரிக்க வந்தார். யோர்தான் தண்ணீர்ப் புட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பக்கத்தில் மசூதி இருப்பதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். பிறகு தொழில்காரர் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"அது சரி மேஸ்திரி, கடலோரம்னு சொல்றீங்க. உப்புத் தண்ணியிலே சுண்ணாம்புத் தோலை எப்படி அலசினாராம்?"

"முற்றத்திலே கிணறு இருந்திருக்கும் பாய்."

பழைய யாத்திரிகர்கள் அந்த வீட்டு முற்றத்தில் ஒரு கிணறு பார்த்ததாக எழுதியிருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். இருவரும் என்னைக் கவனிக்கவில்லை. கடற்கரைக் கிணற்று நீர் பட்டைக்கு ஒத்துவருமா, தோல் கறுத்துவிடாதா என்று பேச்சு மும்முரமாகிவிட்டது. அம்மா இரண்டாவது தடவை டீ போட உள்ளே போனாள்.