கடலில்லாத ஊரில் ஒரு கடல் வழக்கு

பெங்களூர் மேக்ரி சர்க்கிளின் வாகன இரைச்சலைத் தாண்டி சி.வி. ராமன் அவென்யூ பக்கம் வந்தால் சட்டென்று மரநிழல். எந்தத் திசையில் போனாலும் கடலுக்கு 250 கி.மீ.க்கு மேல். ஊரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

ஆனால் இந்த வளாகத்துக்குக் கடல் அந்நியமல்ல. 1921ல் கப்பலில் போனபோது மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு காரணம் தேடிய திருச்சிக்காரர் ராமன், 1948ல் தொடங்கிய ஆய்வு நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. 1970ல் அவரது உடல் எரியூட்டப்பட்ட இடத்தில், தோட்டத்தில், ஒரு மரம் நிற்கிறது.

1932ல் பிறந்த ‘கரண்ட் சயின்ஸ்’ இதழ் வெளிவருவதும் இந்தச் சாலை முகவரியிலிருந்துதான். 2008 மே மாத இதழில் வந்த ஒரு கட்டுரை ராமநாதபுரம் கரையைச் சீண்டியது. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில், கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி உயிருள்ள பவளங்களின் மேல் படர்ந்து மூடுகிறது என்றது அது.

இந்தப் பாசி 1990களில் மண்டபத்துக்கு வந்தது. மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கிறார்கள். இதிலிருந்து எடுக்கும் கராஜீனன் ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்குகிறது. கரையோரப் பெண்களுக்கு இது அடுப்பெரியும் வருமானம். எனவே குற்றச்சாட்டுக்கு மறுப்பும் வந்தது. பரவியது 77 சதுர மீட்டருக்கு மேல் இல்லை, இதன் வித்துகளுக்கு வீரியம் குறைவு, மேயும் உயிரினங்களும் ஏராளம் என்று 2010ல் மத்திய உப்பு, கடல்சார் ரசாயன ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் எழுதினார்கள். பின்னாளில் அருகிலுள்ள வேறு தீவுகளிலும் பாசி தென்பட்டது.

மேய ஆள் இருக்கிறது, சரி. ஆனால் அது இதைத் தின்னுமா? வழக்கின் முடிச்சு இதுதான்.

பவளப்பாறையின் தோட்டிகள் மீன்களும் கடல் முள்ளெலிகளும். உடம்பெல்லாம் முள், அடியில் வாய், அதில் ஐந்து பற்கள். இந்த முள்ளுருண்டைக்கு நாக்கு ருசி உண்டு. மெல்லிய, சதைப்பற்றான பாசி கிடைத்தால் சுண்ணாம்பேறிய பாசியையும், கசக்கும் ரசாயனம் கொண்டதையும் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். பசி முற்றினால் கிடைத்ததைக் கொறிக்கும். இனத்துக்கு இனம் ருசியும் மாறும்.

முள்ளெலி இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1983-84ல் கரீபியன் கடலில் நீண்ட முள் கொண்ட கறுப்பு முள்ளெலிகள் நோயில் 90 சதவீதத்துக்கு மேல் மடிந்தன. ஜமைக்காவில் பாசி தின்னும் மீன்களை ஏற்கனவே வலைகள் வாரியிருந்தன. புயலும் சேர்ந்துகொண்டது. பாசி பாறைகளை விழுங்க, பாதிப் பரப்பில் இருந்த பவளம் 1990களில் 5 சதவீதத்துக்கும் கீழே போனது.

ஹவாயில் எதிர்க்கதை. அங்கும் 1970களில் கப்பாபைகஸ் கொண்டுவரப்பட்டது. கனியோஹே விரிகுடாவின் மீன்களால் அதைக் கட்டுப்படுத்த முடியவில்லை. உறிஞ்சு குழாய்களால் பாசியை அகற்றினார்கள். 2011 முதல், பண்ணையில் வளர்த்த முள்ளெலிகளை லட்சக்கணக்கில் இறக்கிவிட்டார்கள். மிச்சத்தை அவை மேய்கின்றன. அதற்கும் அளவு உண்டு. முள்ளெலி மிஞ்சினால் பாறையையே சுரண்டிவிடும்.

ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் ரூ. 127 கோடி கடற்பாசிப் பூங்காவுக்கு 2023ல் அடிக்கல் நாட்டப்பட்டது. பெண்களின் வருமானம் பெருகட்டும். ஆனால் ஒரு பாசியைக் கடலில் இறக்கும் முன்பே, அந்தக் கடலில் அதைத் தின்ன யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும். பந்தி போட்ட பிறகு விருந்தாளியைத் தேடுவதில் பயனில்லை.