‘ஃபார்மட்’ கொடுக்கும் முன் ஒரு நிமிடம்... ஹார்டு டிஸ்க்குக்கு ஓலைச்சுவடி சொல்லும் பாடம்!

பீரோவில் நகைப்பெட்டிக்கும் நிலப்பத்திரத்துக்கும் பக்கத்தில் இப்போது இன்னொரு பொருளும் இடம்பிடித்துவிட்டது. உள்ளங்கை அளவுள்ள எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க். கல்யாண வீடியோ, பிள்ளையின் முதல் பிறந்தநாள், மறைந்துபோன அப்பாவின் குரல் எல்லாமே அதற்குள்தான். நகை தொலைந்தால் வேறு வாங்கலாம். பத்திரம் தொலைந்தால் நகல் எடுக்கலாம். இந்தச் சின்னப் பெட்டி ஒருநாள் திறக்க மறுத்தால்?

புதுச்சேரி ரெயின்போ நகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவருக்கு அந்த நாள் 2024 டிசம்பரில் வந்தது.

அதற்குச் சில நாள்கள் முன்பு, நவம்பர் 30 இரவில், ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை. தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மக்களை மீட்க ராணுவமே வந்தது. ஆசிரியையின் வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி. அதற்குள் மாமனாரின் காகிதங்கள். தண்ணீர் வடிந்து பெட்டியைத் திறந்தபோது, காகிதம் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. கூழாகிக் கிடந்தது.

மாமனார் ஒரு ‘சொல்தா’. பிரெஞ்சு ராணுவத்தில் சேவை செய்தவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைந்தது. அப்போது இங்கே பிறந்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பித் தேர்ந்தெடுக்க ஆறு மாத அவகாசம் கிடைத்தது. அதனால் இந்த ஊரில் பல குடும்பங்களுக்குத் தாத்தாவின் பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, ராணுவக் காகிதம் எல்லாம் வெறும் ஞாபகப் பொருள்கள் மட்டும் கிடையாது. பேரப்பிள்ளை காலத்திலும் யாராவது கேட்பார்கள்.

ஆசிரியையின் கணவர் அந்தக் காகிதங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து ஒரு ஹார்டு டிஸ்க்கில் வைத்திருந்தார். கூடவே, அப்பா சைகோனுக்குக் கப்பலேறிய கதையை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்திருந்தார். மாமனார் போய்விட்டார், கணவரும் 2021-ல் போய்விட்டார். வெள்ளம் வந்த அன்று அந்த டிஸ்க்கை மட்டும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடினார் ஆசிரியை. படியில் பை ஒருமுறை கைநழுவி விழுந்தது. ‘நனையவில்லை’ என்பதே அன்றைக்குப் பெரிய நிம்மதி.

பாரிஸிலிருந்து மகள் அழைத்தாள். “அம்மா, தாத்தாவோட பேப்பரெல்லாம் அப்பா ஸ்கேன் பண்ணி வச்சிருந்தாரே, அதை அனுப்புங்களேன்.”

தங்கை மகனை வரச்சொல்லி, லேப்டாப்பில் டிஸ்க்கை இணைத்தார்கள். உள்ளே இருந்த ஃபோல்டர் எதுவும் தெரியவில்லை. டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா என்று கேட்டது திரை.

“பெரியம்மா, ஃபார்மட் குடுத்துடவா? சரியாயிடும்.”

“ஃபார்மட்னா என்னப்பா?”

“உள்ள இருக்கறதெல்லாம் துடைச்சிட்டுப் புதுசு மாதிரி ஆக்கிடும்.”

“துடைக்கிறதுக்கா உன்னைக் கூப்பிட்டேன்?”

முப்பது வருடம் வகுப்பறையில் பிள்ளைகளைச் சமாளித்த குரல் அது. பையன் கையை எடுத்துக்கொண்டான். அந்தக் குடும்பத்தின் ஐம்பது வருட நினைவுகள் தப்பியது அந்த ஒரு கேள்வியால்தான்.

கயிறு அறுந்ததா, ஏடு அரித்ததா?

மறுநாள் டிஸ்க் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனது. கடைக்காரர் முதலில் கேபிளை மாற்றினார். வேறொரு யூ.எஸ்.பி. துளையில் நேரடியாகச் செருகினார். இந்தச் சின்ன டிஸ்க்குகளுக்கு மின்சாரமும் அதே கேபிள் வழியாகத்தான் போகிறது. கேபிள் தளர்ந்திருந்தாலோ, ஒரே ஹப்பில் நான்கைந்து கருவிகள் தொங்கினாலோ, நல்ல டிஸ்க்கே எர்ரர் காட்டும். பல வீடுகளில் பிரச்னை இங்கேயே தீர்ந்துவிடும்.

இங்கே தீரவில்லை. அவர் டிஸ்க்கைக் காதோடு வைத்துக் கேட்டார். “டக் டக்னு சத்தம் வரல டீச்சர், அது வரைக்கும் நல்லது. இப்போ இதை ரிப்பேர் பண்ண வேணாம். முதல்ல காப்பி எடுப்போம்.”

அந்தச் சத்தத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை? ஹார்டு டிஸ்க்குக்குள் கண்ணாடிபோல் பளபளக்கும் தட்டுகள் சுழல்கின்றன. பெரும்பாலான சிறிய டிஸ்க்குகளில் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது விநாடிக்கு 90. அந்தத் தட்டின்மீது படாமல், தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவான இடைவெளியில், படிக்கும் முனை மிதக்கிறது. கீழே விழுந்த டிஸ்க்கில் அந்த முனை தட்டைக் கீறியிருக்கலாம். ‘டக் டக்’ என்றால் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பத் தேடுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்... உடனே கழற்றிவிடுவது. மீண்டும் மீண்டும் செருகிப் பார்த்தால் கீறல் பெரிதாகும். அந்த நிலைக்குத் தூசி புகாத அறை உள்ள டேட்டா ரெக்கவரி நிறுவனம்தான் வழி.

சத்தம் இல்லையென்றால், கோளாறு இரண்டு வகையாக இருக்கலாம். கடைக்காரர் ‘ஃபைல் சிஸ்டம்’, ‘பேட் செக்டர்’ என்று விளக்கியபோது தமிழாசிரியைக்கு அது ஓலைச்சுவடியாகத்தான் புரிந்தது. சுவடிக் கட்டில் ஏடுகளை வரிசையாகக் கோத்து வைப்பது கயிறு. கயிறு அறுந்தால் எழுத்து எங்கும் போகாது. எந்த ஏடு எதற்கடுத்து என்பதுதான் தெரியாமல் போகும். ஃபைல் சிஸ்டம் எர்ரர் அப்படித்தான். எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை மட்டும் குலைந்திருக்கும். சரியாக ‘எஜெக்ட்’ செய்யாமல் பிடுங்கினால், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் இது நடக்கும். பேட் செக்டர் என்பது ஏட்டையே செல் அரித்த கதை. அந்த இடத்தில் எழுத்தைப் படிக்கவே முடியாது.

இந்த இரண்டில் எது என்று அறிய, டிஸ்க்கே தன் உடல்நிலையைக் குறித்து வைத்திருக்கும் ‘ஸ்மார்ட்’ பதிவேடு உதவும். ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ போன்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கலாம். ஆசிரியையின் டிஸ்க்கில் ‘பெண்டிங் செக்டர்’ என்ற வரிக்கு எதிரே பூஜ்ஜியம் இல்லை. படிக்கத் திணறும் இடங்கள் இருக்கின்றன என்று அர்த்தம்.

ரிப்பேர் ஏன் கடைசியில்?

விண்டோஸில் டிஸ்க்கின் ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ் பகுதிக்குப் போனால் ‘செக்’ என்ற பட்டன் இருக்கும். மேக்கில் ‘ஃபர்ஸ்ட் எய்ட்’. எல்லோரும் முதலில் தொடுவது இதைத்தான். கயிறு மட்டும் அறுந்திருந்தால் இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால், அந்தச் சோதனையின் கவலை ‘டிஸ்க் ஒழுங்காக இருக்கிறதா’ என்பதுதான். உங்கள் படம் பிழைத்ததா என்பது அதற்கு இரண்டாம்பட்சம். குழம்பிய அட்டவணையைத் திருத்தி எழுதும்போது, பொருந்தாத துண்டுகளைப் பெயரில்லாத ஃபைல்களாகத் தனி ஃபோல்டரில் தள்ளிவிடும். ஏற்கெனவே தேய்ந்த டிஸ்க்கை மணிக்கணக்கில் முழுவதும் படிக்க வைத்தால், பாதியிலேயே அது ஓய்ந்துபோகவும் கூடும்.

அதனால்தான் முதலில் காப்பி. அதுவும் சாதாரண காப்பி-பேஸ்ட் போதாது. படிக்க முடியாத இடம் வந்ததும் அது திணறி நின்றுவிடும். ‘டிடிரெஸ்க்யூ’ என்ற இலவச மென்பொருளின் வழி வேறு. நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் விறுவிறுவென எடுத்து இன்னொரு டிஸ்க்கில் வைத்துவிடும். கெட்ட இடங்களைக் குறித்துக்கொண்டு தாண்டிப் போகும். எல்லாம் முடிந்த பிறகு திரும்பிவந்து, அந்த இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிப் பார்க்கும். இதற்கு அதே அளவோ, அதைவிடப் பெரியதோ இன்னொரு டிஸ்க் வேண்டும். பிறகு மூல டிஸ்க்கைத் தொடாமல், அந்தக் காப்பியின்மீது ‘டெஸ்ட்டிஸ்க்’ போன்ற கருவிகளை ஓட்டலாம். அட்டவணை சுத்தமாகப் போயிருந்தாலும் ‘ஃபோட்டோரெக்’ படங்களைத் தேடி எடுக்கும். ஃபைல் பெயர்கள் மட்டும் போய்விடும்.

ஃபார்மட் கொடுத்துவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘குவிக் ஃபார்மட்’ என்றால் அட்டவணை மட்டும்தான் அழிந்திருக்கும். அதன்மீது புதிதாக எதையும் பதியாமல் நிறுத்தினால் மீட்க வழியுண்டு. விண்டோஸில் முழு ஃபார்மட் என்றால் எல்லா இடத்திலும் பூஜ்ஜியம் எழுதிவிடும். அதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வெள்ளத்தில் நனைந்த டிஸ்க் என்றால், காய்ந்துவிட்டது என்று நினைத்து மின்சாரம் கொடுக்கக் கூடாது. ஹேர் டிரையர், அரிசி மூட்டை, ஃப்ரிட்ஜ் வைத்தியம் எதுவும் வேண்டாம். வீட்டில் மூடியைத் திறப்பது கூடவே கூடாது. தட்டில் விழும் ஒரு தூசி அந்த முனைக்குப் பாறாங்கல்.

பக்கத்துத் தெருவிலேயே ஒரு பாடம்

ஓர் இரவும் மறுநாள் மதியம் வரையும் காப்பி ஓடியது. ஆசிரியை அந்த இரவில் தூங்கவில்லை. அவருக்கு ஒரு விஷயம்தான் உறுத்திக்கொண்டிருந்தது. சுவடிகள் பல நூற்றாண்டு கடந்து வந்த கதையை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அந்தக் கதை தன் பீரோவுக்கும் பொருந்தும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அந்தக் கதையின் ஒரு பகுதி அவர் ஊரிலேயே இருக்கிறது. புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் 1955-ல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா தொடங்கிவைத்த சைவ ஆகமச் சுவடித் தேடலில், கோயில்களிலிருந்தும் குருக்கள் வீடுகளிலிருந்தும் சுவடிகள் வந்து சேர்ந்தன. மூலச் சுவடியைத் தர முடியாத இடங்களில், இரவல் வாங்கிக் காகிதத்தில் படியெடுத்துக்கொண்டார்கள். அங்கும், அதே ஊரிலுள்ள தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியிலும் இருக்கும் சுமார் 11,000 சுவடிகளை 2005-ல் யுனெஸ்கோ ‘உலக நினைவுப் பதிவேட்டில்’ சேர்த்தது. பிறகு அவையும் டிஜிட்டல் படிகளாயின.

பிரெஞ்சு நிறுவனம் தொடங்கிய அடுத்த ஆண்டில்தான், 1956-ல், உலகின் முதல் ஹார்டு டிஸ்க் விற்பனைக்கு அறிமுகமானது. ஐபிஎம் நிறுவனத்தின் அந்த இயந்திரத்தில் 24 அங்குல அகலத் தட்டுகள் 50 இருந்தன. அத்தனையும் சேர்ந்து கொண்டது 50 லட்சம் எழுத்துகள். இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ அளவு. அன்றிலிருந்து டிஸ்க்கின் கொள்ளளவு எங்கோ போய்விட்டது. ஆயுள் மட்டும் அப்படி வளரவில்லை. நல்ல ஓலை நம் வெப்பத்திலும் ஈரத்திலும் சில நூறு ஆண்டுகள் தாங்கும். டிஸ்க்கை நான்கைந்து ஆண்டுகளுக்கு மேல் நம்பக் கூடாது.

ஓலையும் தானாக நிலைக்கவில்லை. செல் அரிப்பதற்குள் யாரோ உட்கார்ந்து புதிய ஏட்டில் எழுதினார்கள். அதுவும் ஒரு படியோடு நிற்கவில்லை. உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஊர் ஊராகப் பல படிகளைத் தேடிச் சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றில் சிதைந்த வரிக்கு இன்னொன்று துணை நின்றது. ஒரே ஒரு படி இருந்த நூல்கள் பலவற்றுக்கு இன்று பெயர் மட்டும்தான் மிச்சம்.

மீண்டது என்ன?

பெரும்பகுதி மீண்டது. மகள் கேட்ட பிறப்புப் பதிவு முழுதாகத் திறந்தது. ராணுவக் காகிதங்களில் இரண்டின் பாதிப் பக்கம் சாம்பல் நிறமாகிவிட்டது; அவற்றின் மூலம் டிரங்குப் பெட்டியில் கரைந்துபோய்விட்டது. சைகோன் கதையில் கப்பல் துறைமுகத்தை நெருங்கும் இடத்தில் சில விநாடிகள் வெறும் இரைச்சல். அதைத் தாண்டியதும் மாமனாரின் குரல் வருகிறது. அதற்கிடையே, “அப்புறம்பா?” என்று கேட்கும் கணவரின் குரலும்.

இப்போது அந்தக் குடும்பத்தில் மூன்று படிகள் இருக்கின்றன. புது டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று, பாரிஸில் மகள் வீட்டில் ஒன்று. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய 3-2-1 விதி இதுதான்: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றாவது வேறு இடத்தில். ஒரே பீரோவில் இரண்டு டிஸ்க் இருந்தால், ஒரு வெள்ளத்துக்கு அது ஒரு படிதான். பழைய டிஸ்க்கைச் ‘செக்’ கொடுத்துச் சரிசெய்து மீண்டும் பயன்படுத்தலாமா என்று தங்கை மகன் கேட்டான். கெட்ட இடங்கள் கூடிக்கொண்டே போகும் டிஸ்க்கை நம்பி எதையும் வைக்கக் கூடாது என்பதே கடைக்காரரின் பதில்.

படி எடுத்து வைத்தால் மட்டும் போதாது. அவ்வப்போது திறந்தும் பார்க்க வேண்டும். இதற்கு ஆசிரியை ஒரு நாளைக் குறித்துவிட்டார். வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்கு முன்பே பெரும்பாலும் சரஸ்வதி பூஜை வந்துவிடுகிறது. அன்று புத்தகங்களோடு டிஸ்க்கும் பூஜையில் இருக்கும். மறுநாள் விஜயதசமியன்று புத்தகத்தைத் திறந்து நான்கு வரி படிப்பது வழக்கம்தானே? டிஸ்க்கையும் செருகி, நான்கு படங்களைத் திறந்து பார்த்து, அந்த வருடத்துப் படங்களுக்கு ஒரு படி எடுத்துவிட வேண்டும். உங்கள் பீரோவில் இருக்கும் டிஸ்க்கை அதுவரை காக்க வைக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துத் திறந்து பாருங்கள்.