முகத்துவாரம் தாண்டிய மருந்து

பழவேற்காட்டு ஏரி நீரை நாவில் ஒரு துளி வைத்தே, முகத்துவாரம் திறந்திருக்கிறதா அடைபட்டிருக்கிறதா என்று சொல்லிவிடும் முதியவர்கள் எங்கள் பக்கத்துக் குப்பங்களில் உண்டு. கடல் ஏறினால் உப்பு. மழைக்காலத்தில் ஆரணியாற்று வெள்ளம் வந்தால் உப்பு தணியும். கடலில் பிறந்த இறால் குஞ்சு முகத்துவாரம் வழியே உள்ளே வந்து, ஏரியில் வளர்ந்து, கடலுக்கே திரும்புகிறது. இந்த உப்புக் கணக்கில்தான் இங்கே அடுப்பு எரிகிறது.

இறால் வியாபாரக் குடும்பத்தில் பிறந்த என் மாமிக்குக் கருப்பை வாயில் புற்றுநோய் கண்டு, சென்னையில் சிகிச்சை தொடங்கியது. உடம்புக்குள் உலோகத்தை ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு எப்படியோ அவர் காதில் விழுந்துவிட்டது. "உள்ளே கிடந்து துருப்பிடிக்காதா தம்பி? இனி நான் போகவில்லை" என்றார். நோயைவிட அந்தச் சொல்தான் எங்களை அச்சுறுத்தியது.

மருந்தின் பெயர் சிஸ்பிளாட்டின். ஒரு பிளாட்டினம் அணு. அதன் ஒரு பக்கம் இரண்டு அம்மோனியா, மறுபக்கம் இரண்டு குளோரின். 1844-லேயே இத்தாலியரான பெய்ரோனே இதைச் செய்துவிட்டார். 1965-இல்தான் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பர்க், மின்புலத்தில் பாக்டீரியாக்கள் பிரியாமல் நூல் நூலாக நீள்வதைக் கண்டார். காரணம் மின்சாரம் அன்று. பிளாட்டினத் தகட்டிலிருந்து கரைந்து உருவான சேர்மமே.

மாமியிடம் ஏரியைக் காட்டியே சொன்னேன். குருதி உப்புநீர். அங்கே குளோரைடு மிகுந்திருப்பதால் மருந்து தன் குளோரினை விடாமல் அடங்கிக் கிடக்கும். உயிரணுவுக்குள் அந்த உப்பு மிகக் குறைவு. உள்ளே போனதும் குளோரின் கழன்று, அவ்விடத்தில் நீர் வந்து ஒட்ட, மருந்து விழித்துக்கொள்கிறது. டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துள்ள இரண்டு குவானின்களைப் பற்றி, இழையையே வளைத்துவிடுகிறது. அதைப் படியெடுக்க முடியாமல் உயிரணு மடிகிறது.

"முகத்துவாரம் தாண்டினால்தான் அதற்கு வேலையா?" என்றார் மாமி. நான் படித்த எந்தப் பாடநூலும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

நல்ல உயிரணுவுக்குள்ளும் உப்புக் குறைவுதான். அதனால்தான் குமட்டல், செவி மந்தம், சிறுநீரகக் கேடு எல்லாம். சிறுநீரகத்தைக் காக்கவே உப்புநீரையும் சேர்த்து ஏற்றுகிறார்கள். இதையும் மறைக்காமல் சொன்னேன். மறுவாரம் அவரே முதல் ஆளாகப் பேருந்து ஏறினார்.

பற்றுவதோடு நில்லாமல், இழையை வெட்டும் அணைவுச் சேர்மங்களும் உண்டு. செம்பும் பினாந்த்ரோலினும் சேர்ந்து டி.என்.ஏ.யை அறுப்பதை 1979-இல் டேவிட் சிக்மன் குழுவினர் கண்டனர். நம் ஏரி நண்டின் குருதியில் உயிர்வளியைச் சுமப்பதும் இதே செம்புதான்! திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பழனியாண்டவர் குழுவினர் செம்புச் சேர்மங்கள் பலவற்றை ஆராய்ந்தனர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அகில் சக்கரவர்த்தி குழுவினர் செய்தவை இன்னும் நுட்பமானவை: ஒளி பட்டால் மட்டுமே வெட்டும். ஒளி விழாத இடத்து நல்ல உயிரணுக்கள் தப்பவேண்டும் என்பதே நோக்கம். மாமியின் கட்டிலருகே தொங்கிய புட்டியில் இருந்தது அந்தச் செம்பன்று. நல்லது கெட்டது அறியாத பழைய பிளாட்டினமே.