ஓர் இரும்புப் பெட்டியும் ஆறு குடித்தனங்களும்

அரசியலும் பழைய பத்திரிகைக் காரியாலய நினைவுகளுமாக ஓடிக்கொண்டிருக்கும் இந்தப் பக்கத்தில் இம்முறை ஒரு கணினி விவகாரத்தை எழுதப் புகுந்திருக்கிறேன். வாசகர்கள் பொறுத்தருள்க. விடயம் வரண்டதாகத் தோன்றினாலும் அதன் முடிச்சு வந்து விழுவது நம்மவர்களின் கல்வெட்டுப் புத்தகங்களில் என்பதால் எழுதாமல் இருக்க இயலவில்லை.

கொட்டாஞ்சேனையில் எனக்கு நெடுங்காலம் பழக்கமான அச்சகம் ஒன்று உண்டு. திருமண அழைப்பிதழ், கோவில் திருவிழா நோட்டீஸ், சிறு சஞ்சிகைகள் எல்லாம் அடிப்பார்கள் என்றாலும் அவர்களுடைய பிரதான தொழில் அந்தியேட்டி தினத்தன்று வெளியிடப்படும் நினைவு மலர்கள்தான். யாழ்ப்பாணத்தார் அதனைக் கல்வெட்டு என்பார்கள். தமிழகத்து அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: மறைந்தவர் பிறந்த ஊர், படித்த பாடசாலை, பார்த்த உத்தியோகம், வம்சாவளி, தேவார திருவாசகம் அனைத்தும் அடங்கிய சிறுநூல் அது. ஊரை விட்டு ஒன்றுக்குப் பலமுறை இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு அதுவே சில வேளைகளில் எஞ்சியிருக்கும் ஒரே குடும்பப் பத்திரம். தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து தாம் அச்சிட்ட மலர்களின் கணினிக் கோப்புகளை அச்சக உரிமையாளர் பத்திரமாக வைத்திருக்கிறார். ரொறன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் "அப்பாவின்ரை கல்வெட்டு ஒரு பிரதி கிடைக்குமோ" என்று இப்போதும் கேட்டு எழுதுகிறார்கள்.

இந்தக் கோப்புகள் குடியிருந்த சேர்வர் தளர்ந்துபோனதால் புதியது வாங்க வேண்டி வந்தது. வெள்ளவத்தையில் வசிக்கும் ஓர் இளைஞர், பகலில் பெரிய நிறுவனமொன்றின் சேர்வர்களைப் பராமரிப்பவர், சனிக்கிழமைகளில் இந்த அச்சகத்தின் கணினிகளையும் கவனித்துக் கொள்கிறார். விலைமதிப்பீட்டுத் தாளை என்னிடம் காட்டினார். இயந்திரத்தின் விலையோடு மென்பொருள் உரிமத்தின் விலை போட்டி போட்டுக்கொண்டு நின்றது.

ஒரே பெட்டிதான். ஆனால் அதனுள்ளே ஆறு மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. கணக்குக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று, பயனர் நுழைவுக்கு ஒன்று, அச்சு வரிசைக்கு ஒன்று. இந்த நான்கும் வின்டோஸ் சேர்வர். ஐந்தாவது லினக்ஸ். ஆறாவதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் ஒரே கூரையின் கீழ் பல குடித்தனங்கள் இருப்பது போன்ற ஏற்பாடு. அப்படியானால் குடித்தனத்துக்கு ஒன்றாக நான்கு உரிமங்கள் வாங்கினால் தீர்ந்ததல்லவா என்றேன். தம்பி சிரித்தார்.

"அண்ணை, வீட்டுக்காரன் ஆக்களை எண்ணி வாடகை வாங்கிறேல்லை. வீட்டிலை எத்தினை தூண் நிக்குது எண்டு எண்ணித்தான் வாங்கிறான்."

தூண் என்று அவர் சொன்னது செயலியின் உள்ளே இருக்கும் கோர்களை. மைக்ரோசொப்ட் 2016ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து வின்டோஸ் சேர்வரைக் கோர்க் கணக்கில் விற்கிறது. பெட்டியிலுள்ள எல்லாக் கோர்களுக்கும் வாங்க வேண்டும். ஒரு செயலிக்குக் குறைந்தது 8, ஒரு சேர்வருக்குக் குறைந்தது 16. ஸ்ராண்டர்ட் என்ற வகையில் இவ்வாறு ஒருமுறை முழுதாக வாங்கினால் இரண்டு மெய்நிகர் கணினிகளை ஓட்டலாம். நான்கு வேண்டுமென்றால் அதே கோர்களுக்கு மறுபடியும் முழுதாக வாங்க வேண்டும். டேற்றாசென்ரர் என்ற வகைக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. 2025 பதிப்பின் பட்டியல் விலை 16 கோர்களுக்கு முறையே 1,176 டொலர், 6,771 டொலர். ஆக, 16 கோர்ப் பெட்டியில் பத்து மெய்நிகர் கணினிகள் வரைக்கும் முன்னையது மலிவு; பதினொன்றாவது வந்ததும் பின்னையது மலிவு. சேர்வரைப் பயன்படுத்தும் ஊழியர்களுக்கோ அவர்களது சாதனங்களுக்கோ அணுகல் உரிமம் என்று இன்னொன்று தனியாக உண்டு.

விற்பனையாளர் நல்லெண்ணத்தோடு 32 கோர் இயந்திரமொன்றைச் சிபாரிசு செய்திருந்தார். அந்தப் பெட்டியில் நான்கு வின்டோஸ்களுக்கும் 4,704 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 14 இலட்சத்துக்கு மேல். 16 கோர் இயந்திரமென்றால் சரிபாதி. வேலையோ இரண்டிலும் ஒன்றுதான். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டதைக் கண்ட ஒரு சிறு வர்த்தகருக்கு இந்த வித்தியாசம் விளையாட்டல்ல.

இன்னும் பெரிய சிக்கல், ஒன்று பழுதானால் மற்றது தாங்கட்டும் என்று இரண்டு சேர்வர்களை வைத்துக்கொள்ள நினைப்போருக்கு. மெய்நிகர் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும். அதுதான் அதன் மகிமை. உரிமம் தாவாது. ஒரு பெட்டிக்கு ஒதுக்கிய உரிமத்தை 90 நாட்களுக்குள் வேறொன்றுக்கு மாற்ற முடியாது. இயந்திரம் நிரந்தரமாகப் பழுதானால் மாத்திரம் விலக்கு. எனவே நான்கும் எந்தப் பக்கம் தாவினாலும் செல்லுபடியாக வேண்டுமானால் இரண்டு பெட்டிகளுக்கும் முழுதாக வாங்க வேண்டும். யுத்த காலத்தில் கொழும்பில் வாழ்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வீட்டிலுள்ளோர் விபரத்தைப் பொலிஸில் பதிந்தோமல்லவா? அங்கே பதியப்பட்டவர் நீங்களல்லர். இன்ன இலக்க வீட்டில் இருக்கும் நீங்கள். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குக் குடிமாறினால் பழைய பதிவு பயன்படாது. மனிதரைப் படுத்திய பாட்டை மென்பொருளோடு ஒப்பிடலாமா என்று சிலர் கோபிக்கக்கூடும். கோபிக்கட்டும்.

மைக்ரோசொப்ட் மட்டும் இப்படியல்ல. ஒரக்கிள், விஎம்வெயார் கொண்டு பிரித்த பகுதிகளைத் தன் கணக்குக்கு எல்லையாக ஏற்பதில்லை. தரவுத்தளம் ஒரு மூலையில் ஓடினாலும் கட்டடத்தையே அளக்கும். அந்த விஎம்வெயாரை 2023 நவம்பர் 22ஆந் திகதி வாங்கிய புரோட்கொம், அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. உலகெங்கும் பல நிறுவனங்கள் புரொக்ஸ்மொக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளை நாடின. எங்கள் அச்சகமும் அதையே பயன்படுத்துகிறது. ஆனால் கூரை இலவசம் என்பதால் குடியிருக்கும் வின்டோஸ் இலவசமாகிவிடாது. இதனைப் பலர் கவனிப்பதில்லை.

"யூனிட்டி பிளாசாவிலை ஒரு சீடி வாங்கினால் முடிஞ்ச விசயம்" என்றார் உரிமையாளர், பாதி விளையாட்டாக. பம்பலப்பிட்டியில் அந்தக் காலம் இருந்தது உண்மை. மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான பிஎஸ்ஏயின் மதிப்பீட்டில் 2017இலும் இலங்கையில் பயன்பட்ட மென்பொருளில் 77 வீதம் உரிமமற்றது. கணினி நிரல்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது என்பது இருக்கட்டும். நமது கட்டுரையை எவனோ பெயரில்லாமல் எடுத்துப் போட்டால் குதிக்கிற நாம், அடுத்தவன் எழுதிய நிரலைத் திருடுவதற்கு ஏழ்மையைக் காரணங் காட்டுவது எனக்கு உவப்பானதன்று. தம்பியின் ஆட்சேபம் வேறு: பூட்டுடைத்த மென்பொருளோடு என்ன உள்ளே வருமென்று யார் கண்டது?

புதிய பதிப்புக்குப் பணமில்லை என்று பழையதிலேயே காலந்தள்ளினால் என்னவாகும் என்பதற்கு அரசாங்கமே உதாரணம். 2023 ஓகஸ்ட் 26ஆந் திகதி லங்கா அரசாங்க முகிற்கணினி மீட்புப்பணத் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17இலிருந்து அன்று வரையான அஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக்குரிய பிரதிகளும் அதே வலையமைப்பில் இருந்து, அவையும் பூட்டப்பட்டுவிட்டன. ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலில் முடிந்திருந்தது. 2021இலேயே திட்டமிட்ட மேம்படுத்தல் நிதிப் பற்றாக்குறையாலும் முந்தைய பணிப்பாளர் சபையின் தீர்மானங்களாலும் தாமதமானதாகப் பொறுப்பாயிருந்த ஐசிடிஏ கூறியது. 2004 சுனாமிக்குப் பின் சஹானா என்ற கட்டற்ற மென்பொருளை உலகத்துக்கு ஆக்கிக் கொடுத்த நாடு இது.

இப்போது அந்த ஆறாவது. அது வின்டோஸ் எக்ஸ்பி. 2014 ஏப்ரல் 8உடன் ஆதரவு முடிந்த கிழவன். பழைய மலர்கள் யாவும் பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில் கோத்தவை. அவற்றைக் கோத்த கணினி இறந்தபோது அதன் வன்தட்டை அப்படியே மெய்நிகர் கணினியாக மாற்றிச் சேர்வருக்குள் குடியேற்றிவிட்டார்கள். உயிர் பிழைத்தது. உரிமம் பிழைக்கவில்லை. கணினியோடு சேர்த்து விற்கப்படும் வின்டோஸ் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. அது செத்தால் உரிமமும் உடன்கட்டை ஏறும். சாட்சிக்குப் பெட்டியில் ஒட்டியிருந்த சிறு ஸ்ரிக்கரும் பழைய இரும்புக்காரனோடு போய்விட்டது. முப்பது வருடத்துக் கல்வெட்டுகளைத் திறக்கும் சாவி, ஆறு பேரிலும் பத்திரமில்லாத அந்த ஒருவனிடம்.

உரிமையாளர் 16 கோர் இயந்திரமே வாங்கினார். இரட்டைத் தடவை ஸ்ராண்டர்ட். இரண்டாவது சேர்வரைக் கைவிட்டார். எக்ஸ்பியைப் புதிய வீட்டுக்கு அழைக்கவில்லை. பேஜ்மேக்கர் கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்6 வரையான பதிப்புகள் திறக்கும். அச்சகத்தின் வடிவமைப்பாளரிடம் அப்படியொன்று முறையான நிரந்தர உரிமத்தோடு இருந்தது. அதிலே ஒவ்வொரு மலராகத் திறந்து பிடிஎஃப் ஆக்கி, எழுத்தை யுனிகோட்டுக்கு மாற்றுகிறார்கள். வரிகள் புரள்கின்றன, சில பக்கங்களில் படமிருந்த இடம் வெறும் கட்டமாக நிற்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் நினைவு மலர்களின் வருடிய பிரதிகள் பல கிடைக்கின்றன. அகப்பட்டவற்றை அவற்றோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள்.

கடைசியாக நான் போனபோது 2001ஆம் ஆண்டுக் கோப்புறையில் நின்றார்கள். வார முடிவில், ஆகியவற்றின் பிரதி ஒன்று கழற்றி எடுக்கக்கூடிய வன்தட்டில் ஏறுகிறது. அதனை ஒரு துணிப்பைக்குள் வைத்துத் தம்பி வெள்ளவத்தைக்குக் கொண்டுபோகிறார். எந்த வலையமைப்பிலும் அது இணைக்கப்படுவதில்லை.