நடப்பதற்கு முன் போடும் கணக்கு

என்னிடம் ஒரு பழைய கோடு போட்ட நோட்டு இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் ஊர்ப் பெயர்கள்: காரைக்குடி, குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழநி. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிற எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பழகிய வழி இது. ஏறத்தாழ 160 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் என்றால் ஏழு நாள். அதிகாலை இரண்டு மணிக்குக் கிளம்பி, தார் சூடாவதற்குள் ஒன்பது மணிக்கெல்லாம் எங்காவது தங்கிவிட வேண்டும். வெயில் தாழ்ந்ததும் மறுபடி கொஞ்ச தூரம். இருட்டில் லாரிக்காரர் கண்ணில் படும்படி முதுகுப் பையில் ஒளிரும் பட்டை ஒட்ட வேண்டும். இவ்வளவையும் குழுவின் குருசாமி சொல்லித் தந்தார்.

அவர் சொல்லித் தராத கணக்கு இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. என் மாதவிலக்குத் தேதி. நடையின் நான்காம் நாள் அது வந்து நின்றது. டாக்டரைப் பார்த்து, தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிக்கொண்டேன். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. வகுப்பில் பெண் உடலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவள், இதை யாரிடமும் பேசவில்லை.

சிங்கம்புணரி தாண்டி ஒரு தோப்பில் தங்கினோம். ஆண்கள் துண்டை விரித்துப் படுத்தார்கள், பம்புசெட்டில் குளித்தார்கள், இருட்டில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஒதுங்கினார்கள். நாங்கள் ஒன்பது பெண்கள். அடுத்த நாள் கிடைத்த கல்யாண மண்டபத்தில் ஒரே ஒரு கழிப்பறை, அதற்கும் உள்தாழ்ப்பாள் இல்லை. ஆகவே பெண்கள் எல்லோரும் தங்களுக்குத் தெரிந்த வழியைக் கையாண்டோம். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினோம். வழியெங்கும் மோர்ப் பந்தல், தண்ணீர்ப் பந்தல். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே கடந்தோம். நத்தம் வருவதற்குள் எனக்கு நீர்க்கடுப்பு. கூட வந்தவர்கள் அதை விரதத்தின் சூடு என்றார்கள்.

அந்த வேதனையில் ஒரு வேளை மாத்திரையை மறந்தேன். ஒட்டன்சத்திரத்தில் உதிரம் பட்டுவிட்டது. குழுவில் மூத்தவரான ஆச்சியிடம் மட்டும் சொன்னேன்.

"யாருகிட்டயும் சொல்லாத தாயி. நடந்துட்டே வா. மலைக்கு மட்டும் ஏறாத," என்றார். சற்று தூரம் பேசாமல் நடந்தவர், பிறகு சொன்னார்: "எனக்கு நின்ன பெறகுதேன் மாலை போடவே விட்டாக. கல்யாணமான வருசத்துலேருந்து நேந்துக்கிட்டது."

பழநியில் எல்லோரும் மலையேறினார்கள். நான் கால் சுளுக்கு என்று பொய் சொல்லிவிட்டு அடிவாரத்தில் அவர்களுடைய பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். ஏழு நாள் நடந்த கால்கள் கடைசிப் படிக்கட்டின் முன்னால் நின்றுவிட்டன. அப்போது கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

கோபம் வகுப்பறையில் வந்தது. கண்ணகி மதுரைக்குக் கணவனோடும் கவுந்தியடிகளோடும் நடக்கிறாள். தனியாக அவள் நடப்பது, ஒரு முலையைத் திருகி எறிந்த பின், இரவு பகல் பாராமல் வைகைக் கரை வழியே. புனிதவதி அழகான உடம்பை உதிர்த்துப் பேயுரு பெற்ற பிறகே கயிலைக்குக் கிளம்புகிறாள், அதுவும் தலையால். ஔவை இளமையைக் கொடுத்து முதுமையைக் கேட்டு வாங்கினாள் என்கிறது நம் ஊர்க் கதை. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பல வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். தனியே வழி நடக்க ஒவ்வொருத்தியும் உடம்பில் எதையோ கொடுத்திருக்கிறாள் என்பது ஆச்சியின் வாக்கியத்தை நினைத்துக்கொண்ட ஒரு மதியத்தில்தான் உறைத்தது. ஆச்சி தன் முப்பது வருடத்தைக் கொடுத்திருந்தார். நான் மாத்திரையையும் தாகத்தையும் கொடுத்திருந்தேன்.

இரண்டாம் முறை ஐந்து பெண்கள் மட்டும் கிளம்பினோம். மாத்திரை இல்லை. நோட்டில் தேதிக் கணக்கு இருந்த பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு கணக்கு எழுதினேன். எந்தப் பெட்ரோல் பங்கில் இரவிலும் கழிப்பறையைத் திறந்து விடுகிறார்கள்? எதில் தாழ்ப்பாள் இருக்கிறது? ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எத்தனை கிலோமீட்டர்? இதற்காகவே முன்கூட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய்ப் பார்த்து வந்தோம். மண்டபத்துக்குப் போன் செய்தபோது வாடகைக்கு முன்னால் கழிப்பறையைக் கேட்டோம். கூடாரம் போடுவதென்றால் வீட்டில் பெண்கள் இருக்கும் இடமாகப் பார்த்து, அனுமதி கேட்டு, விளக்கு வெளிச்சத்தில் போட்டோம். ஒருத்தி மாற்றி ஒருத்தி விழித்திருந்தோம். நாப்கினைச் சுற்றப் பழைய செய்தித்தாள், மூடியுள்ள டப்பா. நடக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை லிட்டர் தண்ணீர். குடிக்க மறந்தவளை மற்றவர்கள் அதட்டிக் குடிக்க வைத்தோம்.

அந்த வருடம் பழநியில் எனக்கு இரண்டாம் நாள். படியேறினேன். நடுவில் இரண்டு இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேலே போய்க் கும்பிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்போது கூட வந்த நால்வரிடம்கூடச் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன். ஆச்சி இருந்திருந்தால் அவரிடம் முதலில் சொல்லியிருப்பேன்.

போன மாதம் என் மாணவி ஒருத்தி அம்மாவோடு வேளாங்கண்ணிக்கு நடக்கப் போவதாகச் சொல்லி நோட்டைக் கேட்டாள். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்து ஊர்கள் மாறும்: தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம். இரண்டாம் பக்கத்துக் கேள்விகள் அப்படியேதான் இருக்கும். அதன் தலைப்பில் மட்டும் பேனாவால் ஒரு வரி சேர்த்தேன்: தண்ணீரைக் குறைக்காதே.