கடலோர ஆஸ்பத்திரியும் தீராத கடனும்

ஜொகூர் பாருவுக்குப் போய் வந்தவர்களிடம் அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தைச் சொல்வார்கள். 1924-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான அந்தப் பாலத்தில் விடியுமுன்னே ஊர்ந்து செல்லும் மோட்டார் சைக்கிள் கூட்டத்தைச் சொல்வார்கள். கண்ணாடியால் இழைத்த ராஜகாளியம்மன் கோயிலையும், பெரிய பெரிய பேரங்காடிகளையும் சொல்வார்கள். ஆஸ்பத்திரியைப் பார்த்தோம் என்று யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. ஆனாலும், தென் ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த குடும்பங்களில் அந்த ஆஸ்பத்திரியின் வாசலை மிதிக்காத குடும்பம் அரிது. வாசகர்களே, இன்று உங்களை அங்கேதான் அழைத்துப் போகிறேன்.

தஞ்சோங் புத்திரி என்று அழைக்கப்பட்ட சிற்றூர் 1866-இல்தான் ஜொகூர் பாரு என்று பெயர் பெற்றது. நகரத்தின் நடுவிலிருந்து மேற்கே கடற்கரைச் சாலையில் வந்தால் பழைய அரண்மனை, 1900-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் பள்ளிவாசல், 1928-இல் தொடங்கிய மிருகக்காட்சிசாலை எல்லாம் அக்கம்பக்கத்திலேயே இருக்கின்றன. அதே சாலையில், நீரிணையைப் பார்த்தபடி நிமிர்ந்து நிற்கிறது சுல்தானா அமினா மருத்துவமனை. சுல்தான் இஸ்மாயிலின் துணைவியார் பெயரைத் தாங்கியது. நம் முதியவர்களுக்கு மட்டும் அது என்றைக்கும் "பெரிய ஆஸ்பத்திரி"தான். போருக்கு முன் எழுந்த பழைய கட்டடத்தோடு புதிய பகுதிகளும் சேர்ந்து இன்று பரந்து கிடக்கிறது. மேல்மாடி ஜன்னல் ஒன்றில் நின்றால் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரின் கரை தெரியும். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் சற்று நேரம் அந்த ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விட்டுப் போவதை அங்கே அடிக்கடி காணலாம்.

டிரெஸ்ஸர் ஐயா காலத்திலிருந்து

நம் பாட்டன் பாட்டிக்கு ஆஸ்பத்திரி என்றால் தோட்டத்து மருந்துக்கொட்டகைதான். மலேரியாக் காய்ச்சல் ஆயிரக்கணக்கானோரைக் காவு கொண்ட காலம் அது. டிரெஸ்ஸர் ஐயா கொடுக்கும் கசப்பு மருந்தும், புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தும், பெரட்டுக்குப் போக முடியாதவனுக்கு அவர் எழுதித் தரும் சீட்டும்தான் வைத்தியம். அவரால் ஆகாததைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கே போனவர்களில் சிலர் திரும்பவில்லை. அதனால், "அங்கே கொண்டுபோனால் கதை முடிந்தது" என்ற பேச்சு லயத்துக்கு லயம் நிலைத்துவிட்டது.

அந்தப் பேச்சு இன்னும் முழுதாகச் சாகவில்லை. லயம் போய் வீடமைப்புப் பகுதிக்கு வந்துவிட்டோம். பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனால் "கத்தி வைக்க வேண்டும்" என்று டாக்டர் சொன்னதும் நம் வீடுகளில் எழும் நடுக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. செலவை நினைத்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி, மூன்றாம் வகுப்புப் படுக்கைக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி என்ற கணக்கை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். தனியாரிடம் பல்லாயிரம் வெள்ளி கேட்கும் சிகிச்சையை இந்தச் சிறு தொகைக்குள் பெறுகிறோம். மிச்சத்தை நாட்டின் பொதுப்பணம் சுமக்கிறது.

நெஞ்சைத் திறக்கும் நாள்

எங்கள் தோட்டத்து அக்கா ஒருவர். வயது 48. செம்பனைத் தோப்பில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. படுத்தால் மூச்சு முட்டும். எழுந்து உட்கார்ந்தால்தான் நிற்கும். கால் வீங்கும். வாயுத் தொல்லை என்று நினைத்து இஞ்சிக் கஷாயம் குடித்தே நாளை ஓட்டிவிட்டார். கடைசியில் பரிசோதித்தபோது இதயத்தின் வால்வு ஒன்று தடித்துச் சுருங்கிப் போனது தெரிந்தது.

இதற்கு வேர் எங்கே தெரியுமா? பிள்ளைப் பருவத்தில். ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள் வரும் ஒருவகைத் தொண்டைப்புண்ணைக் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு வாதக் காய்ச்சல் வரும். மூட்டுகள் மாறி மாறி வீங்கி வலிக்கும். பிறகு எல்லாம் சரியாகிவிட்டது போல் தோன்றும். ஆனால் இதய வால்வில் தழும்பு விழுந்திருக்கும். இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அது தன் வேலையைக் காட்டும். காலத்தில் கொடுக்கும் பென்சிலின் மருந்து இதைத் தடுக்கும். பள்ளிக்கூடத்தில் நாள்தோறும் பிள்ளைகளோடு இருப்பவள் என்ற முறையில் தாய்மாரைக் கேட்டுக்கொள்கிறேன்: தொண்டைவலியும் காய்ச்சலும் வந்து, பின்னால் மூட்டு வீங்கினால், தைலம் தேய்த்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

அறுவைச் சிகிச்சைக்கு முதல் நாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நெஞ்சைப் பொளந்து மறுபடி மூடினா அது என் நெஞ்சாவா இருக்கும், டீச்சர்?" எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த மலாய்த் தாதிக்கு எங்கள் பேச்சு புரிந்ததோ இல்லையோ, அக்காவின் தோளைத் தட்டிக்கொடுத்து, "பயம் வேண்டாம், அம்மா" என்று தமிழிலேயே சொன்னார். பிறகு அவரே சொன்னார்: வார்டில் வேலைக்குச் சேர்ந்த பின் கற்றுக்கொண்ட தமிழாம் அது. வலிக்குதா, மூச்சு, தண்ணி, தூங்கு, பயம் வேண்டாம் என்று ஒரு கைப்பிடிச் சொற்கள். அந்தக் கைப்பிடிச் சொற்களில் எத்தனை பேர் தைரியம் பெற்றிருப்பார்களோ!

உள்ளே நடப்பதை நாம் பார்க்க முடியாது. ஆனால் அறிந்துகொள்ளலாம். மார்பு எலும்பை நடுவே அறுத்துத் திறக்கிறார்கள். உடம்பின் இரத்தத்தைக் குழாய்வழி ஓர் இயந்திரத்துக்குத் திருப்புகிறார்கள். இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை அந்த இயந்திரம் செய்கிறது. பிறகு மருந்து செலுத்தி இதயத்தை நிறுத்துகிறார்கள். நின்ற இதயத்தில்தான் வால்வை மாற்றித் தைக்க முடியும். 1953-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜான் கிப்பன் என்ற மருத்துவர் முதன்முதலாக இத்தகைய இயந்திரத்தின் துணையோடு ஓர் இளம்பெண்ணின் இதயத்தை வெற்றிகரமாகச் சீர்செய்தார். அன்று உலகமே வியந்த அந்த வேலை இன்று நம் ஜொகூர் பாருவில், உதிரிப்பழம் பொறுக்கும் ஒருவருக்காக நடக்கிறது.

ஒரு டாக்டர் மட்டும் செய்யும் வேலையும் அல்ல இது. மயக்க மருந்து கொடுப்பவர் ஒருவர். இயந்திரத்தை விட்டு ஒரு கணமும் கண் எடுக்காதவர் ஒருவர். கத்தி கத்தரிக்கோலை எண்ணி எடுத்துக் கொடுத்து, முடிந்ததும் எண்ணிப் பார்க்கும் தாதி ஒருவர். இரத்தத்தைப் பொருத்தம் பார்த்து அனுப்பும் இரத்த வங்கிக்காரர் ஒருவர். படுக்கையைத் தள்ளிக்கொண்டு போகிறவரும், தரையைத் துடைத்துக் கிருமி அண்டாமல் காப்பவரும்கூட இந்தக் கணக்கில் சேர்ந்தவர்களே. இதில் ஒருவர் அசந்தாலும் உயிர் போய்விடும்.

தீவிர சிகிச்சைப் பிரிவு

சிகிச்சை முடிந்ததும் நோயாளியை வைத்திருக்கும் இடம் தீவிர சிகிச்சைப் பிரிவு. மூச்சுக்குழாயோடு கிடக்கும் நோயாளிக்கு ஒருவருக்கு ஒரு தாதி என்ற கணக்கில் இராப்பகலாகக் காவல் இருப்பார்கள். சிறுநீரின் அளவைக்கூட மணிக்கு மணி குறிப்பார்கள்.

இந்த மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு துயர நினைவும் உண்டு. 2016-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் காலையில் அங்கே தீ மூண்டது. ஆறு நோயாளிகள் மாண்டுபோயினர். தாமே எழுந்து ஓட முடியாதவர்களைப் புகைக்குள்ளிருந்து வெளியே கொண்டுவர ஊழியர்களும் தீயணைப்பு வீரர்களும் போராடினார்கள். நன்றியைப் பேசும் இடத்தில் இதை ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். ஊழியருக்கு நன்றி சொல்வதும், கட்டடம் பத்திரமாக இருக்கவேண்டும், ஆள்பலம் போதுமானதாக இருக்கவேண்டும் என்று கேட்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. உண்மையான நன்றி இரண்டையும் செய்யும்.

தலையணையும் மூன்று பந்தும்

மூன்றாம் நாள் அக்காவை உட்கார வைத்தார்கள். அடுத்து நடக்கச் சொன்னார்கள். உடற்பயிற்சி சொல்லித்தரும் தாதா ஒருவர் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொடுத்தார். உள்ளே மூன்று சிறு பந்துகள். மூச்சை உள்ளிழுத்து அவற்றை மேலே ஏற்ற வேண்டும். நுரையீரலில் சளி கட்டாமல் இருக்க அது வழி. முதல் நாள் ஒரு பந்துகூட அசையவில்லை. நான்காவது நாள் இரண்டு ஏறின. அக்கா சின்னப் பிள்ளைபோல் சிரித்தார். இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஒரு தலையணையும் தந்தார்கள்.

வீடு திரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அறுத்த மார்பெலும்பு கூடிவர ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை தண்ணீர் வாளி தூக்கக் கூடாது. பேரப்பிள்ளையைத் தூக்கவும் கூடாது. உலோக வால்வு பொருத்தியவர்கள் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுதும் மாத்திரை சாப்பிட வேண்டும். குறித்த நாளில் இரத்தப் பரிசோதனைக்கும் போக வேண்டும். கீரையைத் திடீரென்று கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். டாக்டரைக் கேளாமல் நாட்டுமருந்தை அதோடு சேர்க்கவே கூடாது. "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மாத்திரையை நிறுத்துவது, அத்தனை பேர் பட்ட பாட்டையும் குப்பையில் கொட்டுவதற்குச் சமம்.

முகம் தெரியாத உபகாரி

ஜொகூர்க்காரர்கள் மறக்கக்கூடாத இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. பத்து பகாட்டைச் சேர்ந்த 14 வயதுச் சீன மாணவி ஒருத்தி, இதயம் பழுதுபட்டு, கோலாலம்பூர் தேசிய இதயக் கழகத்தில் இயந்திர இதயத்தின் துணையோடு ஓராண்டுக்கு மேல் காத்துக் கிடந்தாள். 2007 அக்டோபரில், பேரா மாநிலத்தில் விபத்தில் இறந்த ஒரு மலாய்ச் சிறுவனின் இதயத்தை அவன் பெற்றோர் தந்தார்கள். அவள் உடல் அதை ஏற்கவில்லை. நம்பிக்கை அற்றுப்போகும் வேளையில், அடுத்த நாளே, விபத்தில் உயிரிழந்த வேறோர் இளைஞரின் இதயம் ஜொகூரிலிருந்து விரைந்து வந்தது. அது அவளுக்குள் துடித்தது. ஈன்ற பிள்ளையை இழந்த அந்த நேரத்திலும் யாரோ ஒரு பெண்ணுக்காகச் சரி என்று சொன்ன இரண்டு குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். சாதி, இனம், மதம் எல்லாம் அங்கே எங்கே போயின!

கடனை எப்படித் தீர்ப்பது?

நாம் நன்றி கெட்டவர்கள் அல்ல. பிழைத்தெழுந்ததும் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறோம். முடியிறக்குகிறோம். வேண்டிக்கொண்டதை ஒருநாளும் பாக்கி வைப்பதில்லை. எங்கள் அக்காவும் அப்படித்தான் செய்தார். அத்தோடு, "அந்த மிஸ்ஸிக்கு நான் என்ன செய்யறது, டீச்சர்?" என்றும் கேட்டார். தங்கமும் துணியும் அரசாங்க ஊழியருக்குக் கொடுக்கத் தக்கவை அல்ல. நாங்கள் இருவரும் உட்கார்ந்து மலாயில் ஒரு கடிதம் எழுதி மருத்துவமனை இயக்குநருக்கு அனுப்பினோம். வார்டின் எண், தேதி, செய்த உதவி எல்லாம் குறித்திருந்தோம். குறையைச் சொல்ல நூறு பேர் வரும் இடத்தில் நிறையைச் சொல்லும் ஒரு கடிதம் எவ்வளவு பெரிய பரிசு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எழுதத் தெரியாதவர்கள் பள்ளி ஆசிரியரிடம் வாருங்கள். எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார்.

அதைவிடப் பெரிய காணிக்கை ஒன்றும் இருக்கிறது. அக்காவின் உடம்பில் ஏறிய இரத்தப் பைகள் யாருடையவை? அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரத்தத்தை எந்தத் தொழிற்சாலையும் செய்ய முடியாது. சிவப்பணுக்களை ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. ஆகவே எவராவது கொடுத்துக்கொண்டே இருந்தாக வேண்டும். 18 வயது நிரம்பி, 45 கிலோ எடையும் நல்ல உடல்நலமும் உள்ளவர்கள் கொடுக்கலாம். ஒருமுறை எடுப்பது ஏறக்குறைய 350 முதல் 450 மில்லிலிட்டர்தான். தைப்பூசத்தில் அலகு குத்திக்கொள்ளும் நம் வாலிபர்கள் ஓர் ஊசிக்கா அஞ்சுவார்கள்?

எங்கள் தோட்டத்தில், அக்காவின் இரண்டு மகன்களும் மருமகனும் இரத்த வங்கிக்குப் போய் வந்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வாசகர்களே, அடுத்த முறை ஜொகூர் பாருவுக்குப் போகும்போது கடற்கரைச் சாலையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இரத்த வங்கி எங்கே என்று வாசலில் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். உங்கள் வீட்டில் ஒருவர் அங்கே பிழைத்தெழுந்திருந்தால் அது கடன். பிழைக்க வேண்டிய நிலை இதுவரை வராதிருந்தால், அதற்காகவும் கொடுக்கலாம்.